இந்தப் பிள்ளைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களில் படிப்பை முடித்து வெளியேறும் மாணவ-மாணவிகளின் நினைவும் கவலையும்

மாசி மாதம் வந்தால் நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுவடை நடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் பிரிவு உபசார விழா நடப்பதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான்.

பிளஸ்-2 படிக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் கீழ்வகுப்புப் பிள்ளைகள் விருந்து வைப்பார்கள். குரூப் போட்டோ எடுப்பார்கள். ஒருவர் சட்டையில் மற்றவர் பெயர் எழுதிக்கொள்வார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பேசுவார்கள். பல பேச்சுகள் பாதியில் நின்றுவிடும். அழுகை வந்து தொண்டையை அடைத்துவிடும்.

என்ன பேசுவார்கள்?

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள் அப்பா கையை விடாமல் நின்றது. காலை ஜெபத்துக்கு மணி அடித்த பிறகு ஓடி வந்து வாசலில் மாட்டிக்கொண்டது. மழை நாளில் ஈரக் குடைகளை வராந்தாவில் வரிசையாக விரித்து வைத்தது. (தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. அதனால் குடை நினைவு வருகிற பேச்சுகள் இங்கே அதிகம்!) மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் கொண்டு வந்த தோழியின் டப்பாவைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தது.

கிறிஸ்தவப் பிள்ளைகள் வேதபாட வகுப்புக்குப் போனார்கள். மற்றப் பிள்ளைகள் அந்த நேரத்தில் நன்னெறி வகுப்புக்குப் போனார்கள். மணி அடித்ததும் எல்லோரும் பழையபடி ஒரே பெஞ்சுக்கு வந்துவிட்டார்கள். அதையும் சொல்லிச் சிரிப்பார்கள்.

விழா முடியும். பரீட்சை முடியும். முடிவும் வெளியாகும்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி அவர்கள் முன்னால் வந்து நிற்கும். ஏழு ஆண்டுகள் படித்தபோது ஒருவரும் அவர்களிடம் கேட்காத கேள்வி அது.

"நீ படித்தது அரசாங்கப் பள்ளிக்கூடமா, தனியார் பள்ளிக்கூடமா?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல அவர்களால் முடியாது. ஏன் முடியாது என்பதை அறிய 200 ஆண்டுகள் பின்னால் போகவேண்டும். அதற்கு முன்பு, இந்தப் பிள்ளைகள் யார் என்று பார்த்துவிடலாம்.

புயலும் பூட்டிய கதவும்

2025-26-ம் கல்வி ஆண்டில் பிளஸ்-2 வகுப்பில் இருந்த பிள்ளைகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒகி புயல் வந்தது. 2017-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி நாட்கள் அவை. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. கடற்கரைக் கிராமங்களில் அப்பாவை இழந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

அவர்கள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கொரோனா வந்தது. 2020-ம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஏழாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. செல்போன் இருந்த வீட்டில் பாடம் நடந்தது. ஒரே போனை வைத்துக்கொண்டு அப்பா வேலைக்குப் போய்விட்ட வீட்டில், பாடமும் அவரோடு வேலைக்குப் போய்விட்டது! தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகள் மறுபடி திறந்தது 2021-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. அதற்குள் அவர்கள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

பிளஸ்-1 வகுப்பில் அவர்கள் அரசுப் பொதுத்தேர்வு எழுதினார்கள். அதன் பிறகு 2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பிளஸ்-1 பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே அந்தத் தேர்வை எழுதிய கடைசி வகுப்பு இவர்களுடையதுதான். "எங்களுக்கு மட்டும் மூன்று பொதுத்தேர்வு!" என்று அவர்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

இப்படி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டில் வசதி இருந்தவர்களில் பலர் ஆங்கில வழிப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்விட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தின் தமிழ் வழி வகுப்பில் கடைசிவரை இருந்தவர்களைப் பாருங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர் பிள்ளைகள், தோவாளைப் பக்கத்தில் பூக்கட்டுகிறவர்களின் பிள்ளைகள், கொத்தனார் பிள்ளைகள், முந்திரிப் பருப்பு ஆலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகள். இவர்களைப் போன்றவர்களே அதிகம்.

இந்தப் பள்ளிக்கூடங்கள் முதன்முதலில் யாருக்காகத் தொடங்கப்பட்டனவோ, அவர்களைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் இன்றைக்கும் அங்கே படிக்கிறார்கள்.

மயிலாடியில் தொடங்கியது

1806-ம் ஆண்டு. மயிலாடி என்ற சிற்றூருக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வந்தார். பிரஷ்யா நாட்டைச் சேர்ந்த அவர் பெயர் ரிங்கல்தௌபே. லண்டன் மிஷனைச் சேர்ந்தவர். அவரை இங்கே வரும்படி அழைத்தவர், அதே ஊரைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அவர், தஞ்சாவூருக்குப் போய் அங்கே கிறிஸ்தவரானவர்.

1809-ம் ஆண்டு மயிலாடியில் ஒரு சிறு தேவாலயம் எழுந்தது. ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கியது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் வரலாற்றை அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்துதான் தொடங்குகிறது. (1893-ம் ஆண்டு அது கல்லூரியாக உயர்ந்தது.)

அந்தக் காலத்தில் இந்தப் பகுதி முழுவதும் திருவிதாங்கூர் சமஸ்தானம். திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் ஏற முடியாது. சில சாதிப் பிள்ளைகள் தெருவிலேயே நடக்க முடியாது! அடிமை முறையே சட்டப்படி நடந்துவந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்து அறிவிப்பு வந்தது 1855-ம் ஆண்டில்தான். சமஸ்தான அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் புலையர் பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும் என்று ஆணை பிறந்தது 1910-ம் ஆண்டில்தான். அதற்கு அய்யங்காளி என்ற பெரியவர் ஆண்டுக்கணக்கில் போராடவேண்டியிருந்தது.

அப்படியானால் 1809-ம் ஆண்டில் மயிலாடியில் எழுத்துப் படித்த பிள்ளை, தன் சமஸ்தானத்தின் சட்டத்தைவிட 100 ஆண்டுகள் முன்னால் போய்விட்டது என்று அர்த்தம்.

ரிங்கல்தௌபே 1816-ம் ஆண்டு உடல் நலம் குன்றி இங்கிருந்து புறப்பட்டார். கப்பல் ஏறிப் போனவர் பிறகு என்ன ஆனார் என்பது தெரியாமலே போய்விட்டது. அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் மட்டும் மிஞ்சியது.

மகாராணி கொடுத்த ரூ.5 ஆயிரம்

அடுத்து வந்தவர் சார்லஸ் மீட். 1818-ம் ஆண்டு குளச்சலில் வந்து இறங்கினார். பணியை மயிலாடியில் இருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார்.

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம் வருகிறது.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ராணி கௌரி பார்வதி பாய். மன்னர் சுவாதித் திருநாள் சிறு பிள்ளை. ஆகவே சிற்றன்னையான பார்வதி பாய் அவருக்காக ஆட்சியை நடத்தினார். குடிமக்களின் கல்விச் செலவை அரசாங்கமே ஏற்கவேண்டும் என்று 1817-ம் ஆண்டிலேயே ஆணை போட்டவர் அவர். இந்தியாவிலேயே அது புதுமை!

அந்த இந்து மகாராணி, கிறிஸ்தவப் பாதிரியாருக்கு நாகர்கோவிலில் ஒரு பங்களாவைக் கொடுத்தார். ரூ.5 ஆயிரமும் கொடுத்தார். அந்தப் பணத்தில் நெல் வயல்கள் வாங்கப்பட்டன. வயலில் விளைந்த நெல்லின் வருமானத்தில் நாகர்கோவில் ஆங்கிலப் பாடசாலை நடந்தது. வெள்ளைக்கார ரெசிடெண்டு கர்னல் மன்றோவின் சிபாரிசு இதன் பின்னால் இருந்தது உண்மைதான். ஆனாலும் கொடுத்தது சமஸ்தானத்துப் பணம்.

இதைக் கவனிக்கவேண்டும். பாதிரியார் நடத்தினார். அரசாங்கம் பணம் கொடுத்தது. ஊர்ப் பிள்ளைகள் படித்தார்கள். "அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம்" என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நாகர்கோவிலில் காரியம் நடந்துவிட்டது! இந்தியா முழுவதற்குமாக உதவித்தொகைத் திட்டம் பற்றி சர் சார்லஸ் உட் அறிக்கை அனுப்பியது 1854-ம் ஆண்டில். நாகர்கோவில் வயலில் அதற்கு முன்பே முப்பது தடவைக்கு மேல் நெல் விளைந்துவிட்டது.

ஊசியும் நூலும்

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கடினமானது.

1819-ம் ஆண்டு மீட் பாதிரியாரின் மனைவி ஜோஹன்னா நாகர்கோவிலில் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதே ஆண்டின் கடைசியில் வந்து சேர்ந்த மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா அதில் சேர்ந்து உழைத்தார். பிற்காலத்தில் டதி பெண்கள் பள்ளிக்கூடம் என்று பெயர் பெற்றது அதுதான்.

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம். பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள். வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடும் துணியும் கொடுத்துத் தங்க வைக்கவேண்டும். அதற்குப் பணம்?

மார்த்தா அம்மையார் ஒரு வழி கண்டுபிடித்தார். 1821-ம் ஆண்டு பிள்ளைகளுக்கு "லேஸ்" பின்னக் கற்றுக்கொடுத்தார். மெல்லிய நூலில் பூவும் கொடியுமாகப் பின்னும் வேலை அது. வெள்ளைக்காரச் சீமாட்டிகள் விரும்பி வாங்கினார்கள். விற்ற பணத்தில் பள்ளிக்கூடம் நடந்தது. பிள்ளைகளுக்குக் கூலியும் கிடைத்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில பெண்கள், அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்களை விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது.

தன்னைத் தானே விலை கொடுத்து வாங்கிய பெண்! படிக்கும்போதே நெஞ்சு பதறுகிறது அல்லவா?

அந்தப் பெண்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. மார்பை மறைக்கச் சேலை போடக்கூடாது என்பது அன்றைய வழக்கம். மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் கையுடன் கூடிய குப்பாயம் தைத்துப் பெண்களுக்கு அணிவித்தார்கள். அதையும் பொறுக்காதவர்கள் சந்தையிலும் சாலையிலும் பெண்களின் சட்டையைக் கிழித்தார்கள். 1822-ம் ஆண்டு தொடங்கிய கலவரம் பல கட்டமாக நடந்தது. பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைக்கப்பட்டது. கடைசியில் 1859-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி மன்னர் உத்திரம் திருநாள் அறிவிப்பு வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்பது அந்த அறிவிப்பு. முழு வெற்றி அல்ல. பாதி வெற்றி.

இன்று பிரிவு உபசார விழாவுக்குப் பட்டுப் பாவாடையும் சுடிதாரும் சேலையுமாக வந்து நிற்கும் மாணவிகளுக்கு இந்தக் கதை எவ்வளவு தெரியும்? மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016-ம் ஆண்டு 9-ம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தின் உடை பற்றிய பாடப் பகுதியைத் தேர்வுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இந்தப் போராட்டம் இடம்பெற்ற பாடம் அது. பாடத்தைத் தேர்வில் இருந்து நீக்கலாம். குப்பாயம் தைத்த இடம் நாகர்கோவிலில்தானே இருந்தது? அங்கு படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு மணி நேரம் போதும்.

படிப்பில் முதல் மாவட்டம்

இந்த உழைப்பு வீண் போகவில்லை. 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கில் கன்னியாகுமரி மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 91.75 பேர். தமிழ்நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 80.09 பேர்தான். மாநிலத்தில் குமரிக்கே முதல் இடம்!

கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள் மட்டுமே இதைச் செய்தன என்று சொன்னால் அது தவறு. திருவிதாங்கூர் மன்னர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். எல்லாச் சமுதாயத்தாரும் போட்டி போட்டுக்கொண்டு கட்டினார்கள். 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் சேர்ந்தது. அப்போது முதல்-மந்திரி காமராஜர். மதிய உணவும் இலவசக் கல்வியும் கொடுத்தவர் அவர். பிற்காலத்தில், 1969-ம் ஆண்டில், நாகர்கோவில் மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிவைத்தார்கள்.

அந்த 1956-57-ம் ஆண்டில் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தவர்கள் இன்று 85 வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய நினைவு விசித்திரமானது. ஜூன் மாதம் திரு-கொச்சி மாகாணத்தில் வகுப்பில் சேர்ந்தார்கள். மார்ச் மாதம் சென்னை மாகாணத்தில் இருந்து வெளியே வந்தார்கள். உட்கார்ந்த பெஞ்சு மாறவில்லை! சர்க்கார்தான் மாறியது. அப்போதும் ஆசிரியருக்குச் சம்பள உதவி எந்தக் கஜானாவில் இருந்து வருகிறது என்ற கவலை ஆசிரியர்களுக்கு இருந்திருக்கும். மாணவர்களுக்கு இருந்திருக்காது.

ஒரே பெஞ்சு

குமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 48 பேருக்கு மேல் இந்துக்கள், 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள், 4 பேருக்கு மேல் முஸ்லிம்கள். இதுவும் 2011-ம் ஆண்டுக் கணக்கு. தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இப்படிச் சரிக்குச் சரி கிடையாது.

சரிக்குச் சரி இருப்பதில் ஆபத்தும் உண்டு. 1982-ம் ஆண்டு மார்ச் மாதம் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டது. பகவதி அம்மன் கோவில் கொடைவிழா நேரம். துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் பலியாயின. கடற்கரைக் கிராமங்களுக்கும் கலவரம் பரவியது. விசாரிக்க நீதிபதி வேணுகோபால் கமிஷன் அமைக்கப்பட்டது.

மார்ச் மாதம் என்பது பரீட்சைக் காலம். பக்கத்து ஊர் எரிகிறது என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே அந்த ஆண்டுப் பிள்ளைகள் படித்தார்கள். ஒரே வகுப்பில் இரண்டு மதத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். வீட்டில் கேட்ட பேச்சு வேறு. வகுப்பில் பார்த்த முகம் வேறு.

பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் தாடி நரைத்தவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து இளைஞர்கள் சிரிக்கலாம். அந்தக் கைகளில் ஒன்று கோவில் திருவிழாக் கமிட்டியில் இருக்கும். இன்னொன்று சபைக் கமிட்டியில் இருக்கும். இரண்டு கமிட்டிக்கும் தகராறு வந்தால் முதலில் போன் பேசிக்கொள்வது அந்த இருவர்தான். கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் இந்துப் பிள்ளையும், இந்துக்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவப் பிள்ளையும் படிப்பது குறைந்துகொண்டே போனால், அப்படிப் போன் பேச ஆள் இருக்காது.

இரண்டு கணக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். அரசாங்கமா, தனியாரா?

உதவி பெறும் பள்ளிக்கூடத்தின் கட்டடம் திருச்சபைக்குச் சொந்தம். ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். புத்தகம் அரசாங்கப் புத்தகம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் இலவசச் சைக்கிள் இந்தப் பிள்ளைக்கும் உண்டு.

ஏழு ஆண்டுகள் இப்படியே போகும். கடைசி நாளில்தான் கதவு மூடும்.

2020-ம் ஆண்டு தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. "நீட்" தேர்வில் வெற்றி பெறும் அரசாங்கப் பள்ளிக்கூட மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரிகளில் நூற்றுக்கு 7½ இடம் ஒதுக்கும் சட்டம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் டாக்டர் ஆவதற்கு நல்ல வழி. நீதிபதி கலையரசன் கமிஷன் சிபாரிசு செய்து வந்தது. 2022-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டும் சட்டம் செல்லும் என்று தீர்ப்புக் கூறியது. 2021-ம் ஆண்டு என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொண்டது.

6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மாநகராட்சிப் பள்ளிக்கூடம் சேரும். நகராட்சிப் பள்ளிக்கூடம் சேரும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளிக்கூடத்தில் இலவசமாகப் படித்து, பிறகு அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவரும் சேருவார்.

உதவி பெறும் பள்ளிக்கூடம் சேராது!

ஒரு மீனவர் வீட்டில் இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவள் பக்கத்து அரசாங்க மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். இளையவள் தெருமுனையில் உள்ள மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அப்பா ஒருவரே. கட்டுமரம் ஒன்றே. மூத்தவளுக்கு மீன்வளக் கல்லூரியில் தனி ஒதுக்கீடு உண்டு. இளையவள் நகரத்துப் பணக்காரப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களோடு சேர்ந்து ஓடவேண்டும். அவள் செய்த தவறு என்ன? வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள்.

அரசாங்கத் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் பழம் பெருமையுள்ள நகரத்துப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. அங்கே வசதியுள்ளவர்களும் படிக்கிறார்கள். எல்லோரையும் சேர்த்தால் கிராமத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்து மாணவனுக்குக் கிடைக்கும் இடம் குறைந்துவிடும் என்பது அந்த வாதம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு மருந்து குடும்ப வருமானத்தைப் பார்ப்பது. பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்ற விஷயங்களில் அரசாங்கமே இந்தக் கோட்டைத் தாண்டி வந்துவிட்டது.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 கொடுக்கும் "புதுமைப்பெண்" திட்டம் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. அப்போது உதவி பெறும் பள்ளிக்கூட மாணவிகளுக்கு இல்லை. கோரிக்கை எழுந்தது. 2024-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில், தமிழ் வழியில் படித்த உதவி பெறும் பள்ளிக்கூட மாணவிகளுக்கும் அது கிடைத்தது. மாணவர்களுக்கான "தமிழ்ப்புதல்வன்" திட்டம் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் கோவையில் தொடங்கியபோது, முதல் நாளிலேயே இரண்டு வகைப் பள்ளிக்கூடங்களும் சேர்க்கப்பட்டன.

காலை உணவுத் திட்டத்திலும் அப்படியே. கிராமத்து உதவி பெறும் தொடக்கப் பள்ளிக்கூடங்களுக்கு அதை விரிவாக்கும் விழா 2024-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி நடந்தது. எங்கே தெரியுமா? திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பள்ளிக்கூடத்தில். 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விரிவாக்கிய விழா சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளிக்கூடத்தில் நடந்தது. இரண்டும் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள்.

காலையில் சாப்பிடும்போது அரசாங்கப் பிள்ளை. கல்லூரிக்குப் போகும் செலவுக்கு அரசாங்கப் பிள்ளை. டாக்டர் படிப்புக்கு மனுப் போடும்போது மட்டும் தனியார் பிள்ளை!

நிர்வாகிகளும் பதில் சொல்லவேண்டும்

குறை அரசாங்கத்தின் பக்கம் மட்டும் இல்லை.

ஒரே காம்பவுண்டுக்குள் தமிழ் வழி வகுப்பும் இருக்கிறது. கட்டணம் வாங்கும் ஆங்கில வழி வகுப்பும் இருக்கிறது. இதைப் பல நிர்வாகங்கள் செய்கின்றன. புது பெஞ்சு எந்த வகுப்புக்குப் போகிறது, பழைய பெஞ்சு எந்த வகுப்புக்கு வருகிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பிரிவு உபசார மேடையில் அதை யாரும் பேசுவதில்லை. ஆனால் மறப்பதும் இல்லை. ஆங்கில வழி வகுப்பில் கடன் வாங்கிச் சேர்த்த ஏழைப் பெற்றோரும் உண்டு. அவர்கள் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 கிடையாது. சேர்க்கும்போது இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நிர்வாகத்தின் கடமை.

ஆசிரியர் வேலைக்குப் பணம் கைமாறுகிறது என்ற குற்றச்சாட்டு உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் மீது நெடுங்காலமாக இருக்கிறது. மதம், சாதி, சபைத் தேர்தல் எல்லாம் நியமனத்தில் நுழைகின்றன என்றும் சொல்கிறார்கள். சம்பளம் மக்கள் வரிப்பணம். ஆகவே மக்கள் கேட்கத்தான் செய்வார்கள். சிறுபான்மையோர் கல்வி நிலையம் நடத்தும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு கொடுத்திருக்கிறது. நல்ல ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கக் கொடுத்த உரிமை அது.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கூறியது. ஓய்வு பெற 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் 2 ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றி பெறவேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிக்கூடங்களுக்கு இது பொருந்துமா? கல்வி உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014-ம் ஆண்டு சொன்னதும் அதே கோர்ட்டுதான். அதை மறுபடி ஆராயவேண்டும் என்று இந்த விஷயத்தைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பிவிட்டார்கள். முந்திய தீர்ப்பைக் காட்டி "எங்களுக்குத் தேர்வு வேண்டாம்" என்று வாதாட நிர்வாகங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. வாதாடட்டும். ஆனால் 7½ சதவீதம் கேட்கும்போது "நாங்களும் அரசாங்கப் பள்ளிக்கூடம் மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, ஆசிரியர் தகுதி என்று வரும்போது "நாங்கள் தனி" என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பினால் நஷ்டம் அடைவது பிளஸ்-2 முடித்த பிள்ளை.

மனுவில் ஒரு கட்டம்

கல்லூரிகளில் சேர மனுப் போடும் காலத்தில் கம்ப்யூட்டர் மையங்களில் கூட்டம் அலைமோதும். அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் நிற்க, பிள்ளை விவரம் சொல்லும். பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ், மார்க்கு. எல்லாம் வேகமாக நடக்கும்.

பிறகு அந்தக் கட்டம் வரும். 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவரா?

மையத்தில் இருக்கும் இளைஞர் திரும்பிப் பார்ப்பார். "எந்த ஸ்கூல்?" என்பார். பிள்ளை தன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லும். மகாராணி பணம் கொடுத்ததும், அம்மையார் ஊசி நூல் கொடுத்ததும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கின்றன. இளைஞருக்கு அது தேவையில்லை.

"எய்டட் ஸ்கூலா? அப்படியென்றால் 'இல்லை' போடவேண்டும்" என்று சொல்லி, அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்.